சீல் உடைக்காத பழைய கார்டு பெட்டியைக் கடற்காற்றிலிருந்து காக்க

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மாமா எப்போதோ அனுப்பிய போக்கிமான் (ஜப்பானியக் கார்ட்டூன் விளையாட்டு) கார்டு பெட்டி பிரிக்காமல் கிடந்தால், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையைத் தொடாதீர்கள், துடைக்கக்கூட வேண்டாம்; அப்படியே ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள டப்பாவில், நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பரணில் மட்டும் வேண்டாம்.

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கமெல்லாம் வீட்டு உப்பே கசிந்து நிற்கும், அட்டை மட்டும் தப்புமா? ஈரம் ஏறினால் அட்டை உப்பும், ஓட்டுச் சூட்டில் உறை இறுகி மூலையில் கிழியும். கிழிந்தால் போச்சு, ஏனென்றால் 1999இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுப்புப் பெட்டியில் 36 கார்டு பாக்கெட் இருக்கும், அதன் மேலுறையில் நிறுவனத்தின் முத்திரை அச்சாகியிருக்கும், யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஒவ்வொருவர் பிரிக்கப் பிரிக்க உலகத்தில் மிச்சம் குறைகிறது, விலை ஏறுகிறது. உதிரிப் பாக்கெட்டுக்கு அந்த மவுசு இல்லை: மின்னும் கார்டு உள்ளது கொஞ்சம் கனமாக இருக்கும், எடை போட்டே நல்லதைப் பொறுக்கிவிடுவார்கள்.

நீல ஜெல் இளஞ்சிவப்பானால் மாற்றுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், நாற்றம் அட்டையில் ஏறிவிடும்.

ஏற்கெனவே நனைந்த பெட்டிக்கு இது உதவாது, உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். இப்போது கடையில் தாராளமாகக் கிடைக்கிற புதுப் பெட்டிக்கும் இந்தப் பாடு தேவையில்லை, பிள்ளைகள் பிரித்து விளையாடட்டும்.