நீர்க்கட்டியும் குழந்தைக்கான காத்திருப்பும்: மனசு விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

விடிகாலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பரிசோதனை அட்டையை ட்யூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டாவது கோடு மங்கலாகவாவது தெரிகிறதா என்று பார்க்கும் பெண்களை எனக்குத் தெரியும். கோடு இருக்காது. முகம் கழுவிக்கொண்டு வந்து எல்லோருக்கும் காபி போடுவார்கள். மாதாமாதம் நடக்கும் இந்தத் துக்கத்தை வீட்டில் யாரும் துக்கமென்று எண்ணுவதில்லை, அந்தப் பெண்ணும்கூட.

"குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மனசைக் கவனிப்பதைத் தள்ளிப்போடுவதுதான் நான் பார்த்த பெரிய தவறு. பிசிஓஎஸ், அதாவது நாம் சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்வது, உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. குழந்தைக்கு முயற்சி செய்யாதவர்களுக்கும் அப்படித்தான். பிரசவத்துக்குப் பிறகும் அந்த ஆபத்து இவர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது. அதனால்தான் 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பிசிஓஎஸ் என்று கண்டுபிடித்ததுமே மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் பரிசோதிக்கச் சொல்கிறது. ஆனால் ஸ்கேன் பார்க்க நீளும் வரிசையில் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், ரெண்டு வாரமா சரியா தூக்கமில்லை, எதிலும் மனசு ஒட்டலை." இந்த ஒரு வரி போதும். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால் அதையும் பார்த்துவிடுவார்கள்.

அடுத்தது, சுற்றி இருப்பவர்கள் செய்யும் தவறு. "டென்ஷன் ஆகாதே, தானா நிக்கும்." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்பவளுக்கு அது "உன் கவலையால்தான் நிற்கவில்லை" என்று விழுகிறது. பிசிஓஎஸ்ஸில் கரு தங்காததற்கு முக்கியக் காரணம், கருமுட்டை ஒழுங்காக வெளிவராததுதான். அதற்கு லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, பலருக்கு நன்றாக வேலையும் செய்கின்றன. பெயரே நம்மைக் குழப்புகிறது: ஸ்கேனில் தெரிவது அறுத்து எடுக்க வேண்டிய கட்டி கிடையாது, முழுதாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள். இதைச் சரியாக விளக்கினாலே பாதி பயம் போய்விடுகிறது.

எடை விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். "வெயிட்டைக் குறைச்சுட்டு வா" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டால், பெண் இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறாள். நாலாம் நாள் அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் கண்ணாடி முன் நின்று அழுகிறாள். உணவோடு இப்படிப் போராடும் கோளாறும் பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் அதிகம். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, அப்படிப்பட்ட உடம்பில் எடை எளிதில் இறங்காது. அது சோம்பேறித்தனம் ஆகாது. பட்டினியை விட்டுவிட்டு, தினமும் நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது என்று தொடங்கலாம். உடற்பயிற்சி மனசுக்கும் நல்லது.

கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறோம் என்று மனநல மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து, நோய் வேகமாகத் திரும்பலாம். அதேசமயம் சில மாத்திரைகளை மாற்றியே ஆக வேண்டும். வலிப்புக்கும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் மாத்திரை வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும். எதுவானாலும், முயற்சி தொடங்கும் முன்பே மனநல மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லி முடிவெடுங்கள்.

கணவருக்கும் பரிசோதனை அவசியம். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. மனைவிக்கு நீர்க்கட்டி என்று தெரிந்ததும் அவருடைய விந்துப் பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள். பழி முழுவதும் ஒருத்தி தலையில் விழுகிறது.

வளைகாப்புக்குப் போக மனசு வரவில்லையென்றால் போகாதீர்கள். "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் உறவினர்களுக்குப் பதில் சொல்லும் வேலையைக் கணவரோ அம்மாவோ எடுத்துக்கொள்ளட்டும்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.