பழைய துணியில் ஒரு கை: துணிச் சிற்பம் செய்யும் முறை

துணிச் சிற்பம் பழகத் தொடங்குவோர், முழு உருவத்தை எடுத்துக்கொள்ளாமல் முழங்கை முதல் விரல்நுனி வரையிலான ஒரு கையைச் செய்வது நல்லது. எலும்பு துருத்தும் இடம், சதை திரளும் இடம், தோல் மடியும் இடம் ஆகிய மூன்றும் அதிலேயே அடங்கிவிடுகின்றன.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. துவைத்துத் துவைத்து நைந்த பனியன் துணி நன்றாக இழுபடும்; வேட்டி, சேலை போன்றவை, தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் மூலைவாட்டில் வெட்டினால் மட்டுமே சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இழுபடும் திசை கையின் சுற்றளவில் அமைய வேண்டும். நீளவாட்டில் அமைந்தால், உள்ளே துணி அடைக்க அடைக்க விரல்கள் பருக்காமல் நீண்டுகொண்டே போகும்.

தாளில் கையை வைத்து ஓரத்தை வரைந்து அப்படியே வெட்டினால் விரல்கள் குச்சிகளாகிவிடும். தட்டையான இரு துண்டுகளை ஒன்றாகத் தைத்து அடைத்தபின், அவை உருளும்போது அகலம் குறைகிறது. எனவே விரலின் சுற்றளவை நூலால் அளந்து, அதில் பாதியுடன் தையலுக்காக இருபுறமும் 5 மி.மீ. சேர்க்க வேண்டும்: 6 செ.மீ. சுற்றளவுள்ள விரலுக்கு 4 செ.மீ. அகலம். விரல்களை நன்கு விரித்து வரைந்தால்தான் இதற்கு இடம் கிடைக்கும். தைத்தபின், விரலிடுக்குகளில் நூல் அறுபடாதபடி தையல்வரை கத்தரித்துவிட்டு உள்வெளியாகத் திருப்பலாம்.

நுனி வளைத்த அலுமினியக் கம்பியைத் துணி சுற்றி விரல்களுக்குள் செருகவும். கட்டுக்கம்பி துருவேறிக் கறையாக்கும். பொடியாக நறுக்கிய துணியை விரல்களில் இறுக்கமாகவும் உள்ளங்கையில் தளர்வாகவும் அடைத்து, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு துணி முடிச்சை உள்ளே வைக்கலாம். பிறகு நீளமான மெல்லிய ஊசியை (கோணி ஊசி பனியனில் ஓட்டை போட்டுவிடும்) உள்ளங்கையில் குத்திப் புறங்கையில் எடுத்து, 2 மி.மீ. தள்ளித் திரும்பக் கொண்டுவந்து இழுத்து முடிச்சிட்டால், ரேகை பள்ளமாக விழும்.

இணைப்புத் தையல்களை மறைக்கப் பாடுபட வேண்டியதில்லை. பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடும் குடும்பத்தில் 1911இல் பாரிஸில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா, முதுமையில் தம் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் கொண்டு தைத்த தலைகளிலும் உடல்களிலும் தையல்கள் தழும்புகளைப் போல வெளிப்படையாகவே நிற்கின்றன.

முதுகு போன்ற பெரிய பரப்புக்கு இந்த அடைப்பு முறை ஒத்துவராது. போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச் 1976 முதல் 1980 வரை உருவாக்கிய 80 முதுகுகளும், கோணித் துணியை அச்சில் பதித்துப் பிசினால் இறுக்கிய வெற்று ஓடுகளே. வீட்டில் செய்வோர், பாலிதீன் போர்த்திய அச்சின்மேல், சம அளவு நீரில் கரைத்த ஃபெவிகாலில் நனைத்த கோணியை இரண்டு அடுக்காக அழுத்தி, முழுவதும் காய்ந்த பின்னர் உரித்தெடுக்கலாம்.