கிளீன்ரூமில் முதல் நாளா? மாசு எந்த வழியாக வரும் என்று பார்ப்போம்

கடலூர் சிப்காட்டிலோ சேதராப்பட்டிலோ மருந்து கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கிளீன்ரூம் என்றால் காற்றில் தூசும் கிருமியும் மிகக் குறைவாக இருக்கும்படி காக்கப்படும் அறை. அங்கே மாசு என்பது கண்ணுக்குத் தெரியும் அழுக்கு மட்டும் அல்ல. ஐஎஸ்ஓ 5 தர (காற்றின் சுத்தத்துக்கான சர்வதேச வகைப்பாடு) அறையில், ஒரு கன மீட்டர் காற்றில் 0.5 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-ஐத் தாண்டக் கூடாது. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். ஃபில்டரும் ஏ.சி.யும் தம் வேலையைச் செய்யும். அங்கே அதிகம் மாசு கொண்டுவருவது மனிதர்கள்தான்.

படி 1: வீட்டிலேயே தொடங்குங்கள்
நம்மூர் புழுக்கத்துக்குக் கழுத்தில் பவுடர் போடாமல் யாரும் கிளம்புவதில்லை. ஷிப்டு உள்ள நாளில் அது வேண்டாம். விபூதி, குங்குமம், மை, மல்லிகைப்பூ எல்லாமே துகள் உதிர்ப்பவை. வேலை முடிந்து வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உடை மாற்றும்போது
மேலிருந்து கீழே வாருங்கள்: தலையுறை, மாஸ்க், ஹுட் (தலையையும் கழுத்தையும் மூடும் உறை), பிறகு கவரால் (உடல் முழுவதையும் மூடும் ஒரே உடை), கடைசியாக பூட்ஸ். கவரால் போடும்போதுதான் எல்லோரும் தடுமாறுவார்கள். உடையின் இரண்டு கைகளையும் கால்களையும் சுருட்டி இடுப்பருகே ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக நுழையுங்கள். துணி தரையைத் தொட்டுவிட்டால் தயங்காமல் வேறொன்று கேளுங்கள். கிளவுஸ் கைப்பட்டிக்கு மேலே ஏறியிருக்க வேண்டும்.

படி 3: கிருமிகள்
தோலிலிருந்து உதிரும் செதில்களில் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு வரும். அதனால்தான் கிளவுஸில் 70 சதவீத ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தெளிக்கிறோம். நூறு சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை, கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். தெளித்தது தானாகக் காயட்டும், துடைக்காதீர்கள். ஆனால் ஸ்போர்கள் (சில பாக்டீரியா கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் நிலை) ஐபிஏவுக்குச் சாகாது, அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை தேவை.

படி 4: ரசாயன மாசு
முந்தைய பேட்ச் மருந்தின் மிச்சம், கழுவிய சோப்பின் மிச்சம் இரண்டும் இதில் சேரும். லைன் கிளியரன்ஸ், அதாவது முந்தைய பேட்ச்சின் மிச்சம் எதுவும் இல்லை என்று சரிபார்ப்பது, முடியாமல் எதையும் தொடக் கூடாது.

படி 5: உள்ளே
மெதுவாக நடங்கள். ஏர்லாக்கின் (அறைக்கு முன்னே உள்ள இரட்டைக் கதவு இடைவெளி அறை) இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். அறைக்கு அறை 10 முதல் 15 பாஸ்கல் (அழுத்தத்தின் அளவு) அழுத்த வித்தியாசம் இருந்தால்தான் காற்று சுத்தமான பக்கத்திலிருந்து வெளியே போகும். பென்சில் வேண்டாம், கரித்தூள் உதிரும். அட்டைப் பெட்டி கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம்மூர் குடோனில் கிடந்த அட்டை ஈரம் இழுத்துப் பூசணம் பிடித்திருக்கும். பொருளை வெளியிலேயே பிரித்து, துடைத்து, பாஸ் பாக்ஸ் (சுவரில் இருபுறமும் கதவுள்ள பெட்டி) வழியாக அனுப்புங்கள்.