அம்மாவின் இரும்புத் தோசைக்கல்லை மறுபடி பழக்குவது எப்படி

பரணில் கிடந்து துருவேறிய கல்லைக் கண்டதும், கடையில் கொடுத்து மெஷினில் தேய்த்து வாங்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பளபளவென்று திரும்பி வருவது எந்தக் கடையிலும் கிடைக்கிற கல்தான். அம்மா வருஷக்கணக்காகத் தடவிய எண்ணெய்தான் சூட்டில் இறுகிக் கருப்புப் படலமாக நிற்கிறது. மாவு ஒட்டாமல் எழும்புவதும் அதனால்தான். துரு மட்டும் போனால் போதும்.

எது துரு, எது படலம்? ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் துரு. கருப்பாக வந்தால் கரி, பயமில்லை.

லேசான துரு என்றால் வடிகஞ்சியில் ஒரு ராத்திரி ஊறவைத்து, கல்லுப்பு போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாலே விட்டுவிடும். அழுத்தமாகப் பிடித்திருந்தால் எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, துரு உள்ள இடத்தில் மட்டும் தடவி, கால் மணி நேரத்தில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் புளி நல்ல படலத்தையும் அரித்துவிடும். கழுவியதும் துடைத்து உடனே அடுப்பில் ஏற்றி ஈரம் போக்குங்கள். தானாகக் காயட்டும் என்று விட்டால் மறுபடி செம்மை படரும்.

கல் ஆறியதும் அரை டீஸ்பூன் நல்லெண்ணெயை இரண்டு பக்கமும் தடவி, எண்ணெயே இல்லை என்று தோன்றுகிறவரை உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். மிதமான தீயில், புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி நான்கு முறை. பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்: தாராளமாக எண்ணெய் ஊற்றிக் காய்ச்சினால் அது படலமாகாமல் பிசின் மாதிரி நின்றுவிடும். அப்படியானால் லேசாகச் சூடாக்கி, உப்புத் தூவித் துணியால் தேய்த்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிறகு இரண்டு வெங்காயத்தை நறுக்கிப் போட்டுக் கருகும்வரை கல் முழுக்க வதக்கிக் கொட்டிவிடுங்கள். முதல் இரண்டு தோசை காக்காய்க்கு.

பழைய தகட்டுக் கல்லில் நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். சுத்தியலால் நிமிர்த்தப் போகாதீர்கள். எண்ணெய் அங்கேயே தேங்கும் என்பதால் பாதி வெங்காயத்தால் ஓரம்வரை இழுத்துவிட்டு வாருங்கள். இண்டக்ஷனில் சமமாக உட்காராது, கேஸ் அடுப்புதான் சரி. வார்ப்பிரும்புக் கல்லாக இருந்தால், சூட்டோடு குழாயடியில் காட்டினால் விரிசல் விடும்.

தண்ணீர் தெளித்தால் துளிகள் துள்ளி ஓடி மறைய வேண்டும். மாவு கரண்டியோடு சுருண்டு வந்தால் சூடு அதிகம்; தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். வெளுத்துப்போய் ஒட்டினால் கல் காயவில்லை. எல்லாம் சரியாக வந்தும் அம்மா சுட்ட மாதிரி இல்லையா? அவர் மாவு எடுத்த குழிக்கரண்டியைத் தேடிப் பாருங்கள். அளவு மாறினால் கனம் மாறும், முறுகலும் மாறும்.

இந்தக் கல்லில் சப்பாத்தி போடாதீர்கள்; எண்ணெயில்லாச் சூட்டில் படலம் எரிந்துபோகும். கழுவினால் சூட்டில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அக்கா தங்கைக்குள் யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தால், வாரத்தில் மூன்று நாள் தோசை சுடுகிறவருக்கே கொடுங்கள். சும்மா வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் திரும்பத் துருவேறும்.