வயதான நாய்க்குப் பின்னங்கால் தளரும்போது செய்யக்கூடாதவை

எங்கள் பகுதியில் வயதான நாய் வைத்திருப்பவர்கள், அதன் பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வீடு அதே தவறுகள். எடை ஏறவிடாதீர்கள், மாடிப்படி ஏறவிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன்.

உங்கள் மூட்டுவலி மாத்திரையைக் கொடுப்பது

இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்துத் தெருவில் 11 வயது லேப்ரடார். காலையில் முன்னங்காலை ஊன்றி, இடுப்பை இழுத்துக்கொண்டுதான் எழும். வீட்டுப் பெரியவர் தன் முழங்கால் வலிக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைத் தயிர்சாதத்தில் பிசைந்து ஊட்டினார். மறுநாள் நாய் கேட் வரை ஓடியது. மருந்து கேட்கிறது என்று தினமும் கொடுத்தார்கள். நான்கைந்து நாளில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மலம் தார் போலக் கறுத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வலியைக் கிளப்பும் ரசாயனத்தைத் தடுக்கும்போது, வயிற்றின் உட்சுவரைக் காப்பதையும் சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓடவைப்பதையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. நம் உடம்பு தாங்குகிற அளவை நாயின் உடம்பு தாங்காது. அதிலும் கிழட்டு நாய்க்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். நாய்க்கு மெலாக்சிகாம், கார்புரோஃபென் என்று மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் ரத்தப் பரிசோதனை பார்த்து, எடைக்கேற்ற அளவில் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

கொடுத்ததை மருத்துவரிடம் மறைப்பது அதைவிட மோசம். திட்டுவாரோ என்ற பயம். அவர் நாயின் நிலையைப் பார்த்து ஸ்டீராய்டு ஊசி போட நினைக்கலாம். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் புண் வரலாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அந்த லேப்ரடார் பிழைத்துக்கொண்டது. ஆனால் வயிறு ஆறும்வரை சரியான வலி மருந்தைத் தொடங்க முடியவில்லை. அத்தனை நாளும் அது வலியோடுதான் கிடந்தது.

"வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவது

தளர்ச்சிக்குப் பின்னால் ஒரு நோய் இருக்கலாம். லேப்ரடாருக்குப் பெரும்பாலும் இடுப்பு மூட்டுத் தேய்மானம்; வலிக்கும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு முதுகுத்தண்டு நரம்பு மெல்ல அழியும் நோய் வரலாம். அதில் வலி இருக்காது, வலி மருந்தால் பயனும் இல்லை. உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலித்து நொண்டும். ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நாயை நிற்கவைத்து, இடுப்பைத் தாங்கிக்கொண்டு, பின்பாதத்தை மடித்து அதன் மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நரம்பு நன்றாக இருந்தால் சட்டென்று திருப்பி ஊன்றிக்கொள்ளும். மடித்தபடியே நின்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். நடு நகங்களின் மேற்பக்கம் தேய்ந்திருப்பதும் அதற்கு அடையாளம்.

டைல்ஸ் தரை

படுக்கும் இடத்தில் மட்டும் மேட் போட்டால் போதாது. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே விட்ட இரண்டடியில்தான் நாய் கால் விரிந்து விழும். படுக்கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு, அங்கிருந்து வாசல் என்று விடாமல் போடுங்கள். விரல்களுக்கு இடையே வளர்ந்த முடியையும் கத்தரித்துவிடுங்கள்.

முழு ஓய்வு

மூட்டுத் தேய்மானத்துக்கு ஆகாது. தொடைச் சதை கரைந்துவிடும். ஒரே நீண்ட நடைக்குப் பதில் சின்னச் சின்ன நடைகள்.

வாலைப் பிடித்துத் தூக்குவது

கூடவே கூடாது. தொடைக்கு முன்னால் அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தூக்குங்கள்.

ஒரே பக்கம் கிடக்கவிடுவது

இடுப்பெலும்பின் மேல் புண் வரும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். சிறுநீர் பட்ட இடத்தைக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். வெயில் காலத்தில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

திடீரென்று கால் விழுந்தபின் காத்திருப்பது

நேற்றுவரை நடந்த நாய் இன்று இரண்டு பின்னங்கால்களையும் இழுத்தால், முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை நசுக்கியிருக்கலாம். டாஷ்ஹண்டுக்கு இது அடிக்கடி வரும். எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. முதுகு வளையாமல் பலகையில் கிடத்தி, அன்றே கொண்டுபோங்கள்.