வேலை கத்துக்கிட்டே சம்பளம் பேசுறது எப்படி? ஹெல்பரா சேர்றவங்களுக்கு

வெல்டிங், எலக்ட்ரிக்கல், பிளம்பிங், லேத், ஏசி மெக்கானிக்னு எந்தத் தொழிலுக்குப் புதுசா போனாலும் இந்த டயலாக் காதுல விழும்: "இப்போதானே கத்துக்குற, அதுக்குள்ள சம்பளப் பேச்சா?" இதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம சில பேர் வருஷக்கணக்கா அதே கூலிக்கு ஓட்டிடுவாங்க, சில பேர் கோவத்துல டூல்ஸைப் போட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. ரெண்டுமே வேணாம்.

மேஸ்திரி பக்கத்துல நிக்காம எந்த வேலையை நீங்களே முடிச்சுக் குடுப்பீங்களோ அதுக்குத்தான் சம்பளம் ஏறும், எத்தனை மாசமா வேலை பாக்குறீங்கங்கிறது அதுக்கு அப்புறம்தான். கீழ சொல்றது எல்லாமே இந்தக் கணக்கை வச்சுத்தான்.

ஸ்டெப் 1: சேரும்போதே கேட்டுருங்க

நாள் கூலியா, மாச சம்பளமா, பீஸ் ரேட்டா (முடிச்ச எண்ணிக்கைக்குக் காசு)? ஓவர்டைம் எப்படி? ஷூ, கிளவுஸ், வெல்டிங் ஹெல்மெட் யார் வாங்கித் தரணும்? மெட்டீரியல் வேஸ்ட் ஆனா பிடித்தம் உண்டா? இதெல்லாம் பொதுவா எல்லாரும் கேப்பாங்க. கேக்க மறந்துடறது, "ஹோல்டரை (வெல்டிங் ராடு மாட்டற கைப்பிடி) எப்போ கையில குடுப்பீங்க?"ங்கிற கேள்வியைத்தான், அதாவது எப்போ நானே வேலை செய்ய விடுவீங்கன்னு.

கம்மி சம்பளத்துக்கு ஒத்துக்கலாம், தப்பில்ல, ஆனா அதுக்குப் பதிலா வேலை கத்துக்குடுக்கணும். பைப் தூக்குறது, கூட்டுறது, டீ வாங்கறதுலயே ஆறு மாசம் ஓடினா அது கத்துக்கறது இல்ல, சீப்பா ஆள் வச்சுக்கறது. பல நாடுகள்ல முறையான அப்ரன்டிஸ்ஷிப்ல தேர்ந்த ஆளோட சம்பளத்துல ஒரு பங்குல ஆரம்பிச்சு, கட்டம் கட்டமா ஏத்துவாங்க, அதே மாதிரி நீங்களும் "மூணு மாசம் கழிச்சு ஒருதடவை உக்காந்து பேசலாமாண்ணே?"னு முதல் நாளே ஒரு தேதி வாங்கி வச்சுக்கோங்க. உங்க ஊர்ச் சட்டப்படி ஹெல்பருக்கோ அப்ரன்டிஸுக்கோ குறைஞ்சபட்சக் கூலி எவ்வளவுன்னும் பாத்துக்கோங்க, "கத்துக்குற பையன்"னு சொல்லி அதுக்கும் கீழ குடுத்தா அந்த இடமே வேணாம்.

ஸ்டெப் 2: ஒரு சின்ன நோட்டு

எனக்குத் தெரிஞ்சு இதுதான் முக்கியமான ஸ்டெப், இதைத்தான் யாரும் செய்யறதும் இல்ல. தினமும் சாயங்காலம் ரெண்டு வரி போதும். இப்படி:

"6 இன்ச் பைப், 4 ஜாயின்ட். ரூட் நான் ஓட்டினேன், ஃபில்லிங்கும் கேப்பும் மேஸ்திரி. எக்ஸ்ரேல 1 ரிப்பேர், ரூட்ல."

ரூட்னா ஜாயின்ட்டோட அடியில முதல்ல ஓட்டற வெல்டிங், ஃபில்லிங் அதுக்கு மேல நிரப்பறது, கேப் கடைசியா மேல மூடறது. வெல்டிங்குக்கு உள்ள குறை இருக்கான்னு எக்ஸ்ரேல பாப்பாங்க. ரிப்பேரையும் மறைக்காம எழுதுங்க. ஒரு ஜாயின்ட் ஃபெயில் ஆச்சுன்னா அதை கிரைண்டர் போட்டு நோண்டி எடுத்து, திரும்ப ஓட்டி, திரும்ப எக்ஸ்ரே எடுக்கணும், முதல் தடவை ஓட்டினதை விட அதிக நேரம்கூட இழுக்கும், அந்தச் செலவு மொத்தமும் ஓனர் தலையில. அதனால முன்னாடி அடிக்கடி வந்த ரிப்பேர் இப்போ அரிதாயிடுச்சுன்னு நோட்டுல காட்டினா அது அவருக்கு நேரா காசு. அதே மாதிரி, பிளேட்டை டேபிள்ல படுக்கப் போட்டு 1ஜில ஓட்டறதும், 45 டிகிரி சாய்ச்சு அசையாம நிக்கிற பைப்பை 6ஜில சுத்திச் சுத்தி ஓட்டறதும் ஒண்ணு கிடையாது, எந்த பொசிஷன்னு எழுதுங்க.

எலக்ட்ரிக்கல்னா "டிபி டிரஸ்ஸிங் (கரண்ட் பிரிச்சுவிடற பாக்ஸுக்குள்ள ஒயரை ஒழுங்கா அடுக்கி மாட்டறது) நானே முடிச்சேன், மெகர் (இன்சுலேஷன் பாக்குற மீட்டர்) போட்டு இன்சுலேஷன் செக் பண்ணேன், யாரும் திருப்பிப் பிரிக்கல". லேத்துன்னா எந்த டாலரன்ஸ் (அளவுல எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் ஒத்துக்குவாங்க), எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட். போட்டோ எடுக்கறதா இருந்தா சைட்ல கேட்டுட்டு எடுங்க, சில இடத்துல போனுக்கே அனுமதி இருக்காது.

ஸ்டெப் 3: ஓனர் பக்கத்துக் கணக்கு

சும்மா ஒரு கணக்குக்கு, மேஸ்திரிக்கு ஒரு நாளைக்கு 100, உங்களுக்கு 40னு வச்சுக்குவோம். ரெண்டு பேரும் சேந்து ஒரு நாள்ல முடிக்கிற வேலைக்கு ஓனருக்கு 140 ஆகுது. அதையே நீங்க தனியா ஒன்றரை நாள்ல முடிச்சா அவருக்கு 60தான், அதோட மேஸ்திரி வேற வேலைக்குப் போயிடுவாரு. இப்போ நீங்க 55 கேட்டாலும் ஒன்றரை நாளைக்கு 82.50, அவருக்கு இன்னமும் லாபம்தான். நீங்க பேசப் போறது இந்த இடைவெளியில இருந்து ஒரு பங்கைத்தான், அவர் பாக்கெட்ல கை வைக்கல. தப்பு பண்ணி திருப்பிச் செஞ்சா இந்தக் கணக்கு கவுந்துடும், அதான் ரெண்டாவது ஸ்டெப்புல அவ்வளவு சொன்னேன்.

ஸ்டெப் 4: வெளி ரேட்

இதே வேலையை வேற இடத்துல பாக்கறவங்க நாலஞ்சு பேர்கிட்ட விசாரிங்க. ஓவர்டைம், பேட்டா எல்லாம் கழிச்சிட்டு அடிப்படை எவ்வளவுன்னு கேளுங்க, இல்லன்னா பெரிய நம்பரா கேட்டு மயங்கிடுவீங்க.

ஸ்டெப் 5: பேசுறது

வேலை பாதியில மாட்டிக்கிட்டு ஓனர் டென்ஷன்ல இருக்கும்போது வேணாம், கஸ்டமர் முன்னாடி வேணவே வேணாம். ஒரு வேலை நல்லபடியா ஹேண்ட்ஓவர் ஆன மறுநாள் பெஸ்ட். இவ்வளவு போதும்:

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம் பேசணும். சேரும்போது கூட நின்னு புடிக்கத்தான் தெரியும். இப்போ போன மாசம் இந்த மூணு வேலையும் தனியா முடிச்சிருக்கேன், ரீவொர்க் வரல. அடுத்த மாசத்துல இருந்து 55 போட்டுக் குடுங்கண்ணே."

சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. இதுதான் கஷ்டமான பார்ட், அவர் ரெண்டு செகண்ட் யோசிக்கறதுக்குள்ள நாமளே "இல்லன்னா 50 கூட ஓகேண்ணே"ன்னு இறங்கிடுவோம். வீட்டு வாடகை, கடன், தங்கச்சி கல்யாணம் எதுவும் உள்ள வரக்கூடாது, அதைச் சொன்னா அட்வான்ஸ் கிடைக்கும், சம்பளம் ஏறாது. நிஜமாவே போற ஐடியா இல்லன்னா "வேற இடத்துல கூப்பிடறாங்க"ன்னும் சொல்லாதீங்க, "சரி போயிட்டு வா"ன்னுட்டா என்ன பண்ணுவீங்க?

"பாக்கலாம்பா"ன்னா, "என்ன வேலை செஞ்சு காட்டினா போடுவீங்க, எப்போ பாக்கலாம்?"னு கேட்டு தேதி வாங்குங்க. "இப்போ கையில காசு இல்ல"ன்னா வேற ஏதாவது கேளுங்க: வெல்டர் டெஸ்ட் ஃபீஸ் கட்டச் சொல்லலாம், நல்ல மெஷின்ல போடச் சொல்லலாம், ஓவர்டைம் ரேட்டை மட்டும் ஏத்தச் சொல்லலாம். டெஸ்ட் ஃபீஸ் அவர் கட்டினா "இத்தனை மாசம் இங்கயே இருக்கணும்"னு பாண்ட் கேக்கலாம், படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடாதீங்க.

ஸ்டெப் 6: மெசேஜ்

ஒத்துக்கிட்டார்னா அன்னைக்கே ஒரு மெசேஜ் போடுங்க: "நன்றிண்ணே. பேசினபடி வர்ற 1ஆம் தேதியில இருந்து ஒரு நாளைக்கு 55, ஓவர்டைம் தனி." அவர் ஒரு ஓகே போட்டா போதும். அடுத்த சம்பளம் வந்ததும் எந்தத் தேதியில இருந்து புது ரேட் போட்டிருக்காங்க, ஓவர்டைம் பழைய ரேட்லயே நிக்குதான்னு பாருங்க, பெரும்பாலும் இந்த ஓவர்டைம்லதான் மறந்திருப்பாங்க.