வரையாட்டுக் குட்டியை மலையோடு சேர்த்துப் படமெடுத்தல்

'வரை' என்றால் மலை. மலைச்சரிவையே வீடாகக் கொண்டதால் இந்தக் காட்டு ஆட்டுக்கு வரையாடு என்று பெயர். சங்கப் பாடல்களில் வரும் 'வருடை' இதுவே என்பர். பெயரிலேயே இடத்தைச் சுமக்கும் இந்த விலங்கின் குட்டியைப் படமெடுக்கச் செல்பவர்களில் பலர், முகத்தை மட்டும் ஃப்ரேம் நிறைய எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் இரண்டு பயணங்களில் நானும் அப்படித்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தபோது, அவை எந்த உயிரியல் பூங்காவிலும் எடுத்திருக்கக்கூடிய படங்களாகத் தெரிந்தன. செங்குத்தான பாறை, அதன் விளிம்பில் தொங்கும் புல், கீழே சோலைக்காடு, இவற்றுக்கு நடுவே கட்டைவிரல் அளவே தெரியும் குட்டி என்று எடுத்தால்தான், அது எங்கே பிறந்து எதன் மீது கால் ஊன்றக் கற்றுக்கொள்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

குட்டிகளில் பெரும்பாலானவை ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பிறக்கின்றன. ஓர் ஈற்றுக்குப் பொதுவாக ஒரே குட்டிதான். மூணாறு அருகேயுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவை இந்தக் காரணத்துக்காகவே ஆண்டுதோறும் ஏறத்தாழ பிப்ரவரி, மார்ச் முழுவதும் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். ஏப்ரலில் திறக்கும்போது இரண்டு, மூன்று மாதக் குட்டிகள் பூங்காவின் ராஜமலைச் சரிவில் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். படத்துக்கு அதுவே நல்ல பருவம். தமிழ்நாட்டில் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவை ஒட்டிய பாறைகளில் வரையாடுகளைக் காணலாம். வாகனத்தை அனுமதியுள்ள காட்சிமுனையில் மட்டுமே நிறுத்த வேண்டும்.

கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன் பாறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் வரையாடுகள் ஓடிச் சேர்வது செங்குத்துப் பாறைக்குத்தான். அதனால்தான் புல்வெளியில் மேயும்போதும் அவை பாறையை விட்டு அதிகம் விலகுவதில்லை. மந்தைக்கும் பாறைக்கும் நடுவில் நாம் போய் நின்றால், குட்டி தப்பிக்கும் வழியை அடைத்தவர்களாகிறோம். மலைச்சாலையில் இது இன்னும் நுட்பமானது. தாய் சாலையைக் கடந்துவிட்டு, குட்டி மறுபுறம் தயங்கி நிற்கும் வேளையில், நடுவே ஒரு வண்டி வந்து நின்றால் குட்டி தனித்துவிடும். அப்படிப்பட்ட நேரத்தில் படம் முக்கியமில்லை. வண்டி பின்னாலேயே நிற்கட்டும்.

நாம் எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்பதைத் தாயிடமே கேட்டுக்கொள்ளலாம். அது தலை தாழ்த்தி மேய்ந்துகொண்டிருந்தால் தொலைவு சரி. தலையை உயர்த்தி நம்மையே பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். முன்னங்காலைத் தரையில் தட்டினாலோ சீழ்க்கை போல ஒலியெழுப்பினாலோ, மெல்லப் பின்வாங்குங்கள். ராஜமலையிலும் வால்பாறைச் சாலையிலும் மனிதரைப் பார்த்துப் பழகிய ஆடுகள் அருகே வருவதுண்டு. அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு பிஸ்கட் நீட்டுவது பெருந்தவறு.

லென்ஸைப் பொறுத்தவரை, 100-400 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் 400-இல் தொடங்காமல், 100-க்கும் 150-க்கும் இடையில் வைத்து முதலில் சரிவை முழுதாகப் பாருங்கள். பாறையின் கோடு ஃப்ரேமில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முடிவுசெய்த பிறகு, அந்தக் கோட்டில் குட்டி வந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். சாம்பல் நிறக் குட்டி சாம்பல் நிறப் பாறைக்கு முன்னால் நின்றால் கரைந்துபோகும். ஆகவே பின்னால் புல்லோ, மஞ்சோ (மூடுபனி), வானமோ அமையும்படி இரண்டு அடி இடமோ வலமோ நகர்ந்துகொள்வது, பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் லென்ஸைவிடப் பயன் தரும். பின்னணியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அல்லது எஃப்/11-இல் வையுங்கள். நின்றிருக்கும் குட்டிக்கு ஷட்டர் வேகம் நொடியில் 500-இல் ஒரு பங்கு போதும். தாவும் குட்டிக்கு 1000-இல் ஒரு பங்காவது வேண்டும். வெளிச்சம் குறைந்தால் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவைத் தயங்காமல் உயர்த்துங்கள்.

மலையில் மஞ்சுதான் பெரிய சோதனை. ஃப்ரேமில் வெண்மை மிகுந்தவுடன் கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டினால்தான் மஞ்சு மஞ்சாகத் தெரியும். தானியங்கி ஃபோகஸும் மஞ்சில் பிடிப்பின்றித் தடுமாறும் என்பதால், ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து தாயின் கொம்பு விளிம்பில் வைத்துப் பூட்டிவிட்டு, குட்டி ஏறக்குறைய அதே தொலைவுக்கு வரும் வரை பொறுத்திருங்கள்.

ஒரு காலை வேளையில் ராஜமலையில் இப்படிக் காத்திருந்தபோது மஞ்சு சட்டென்று விலகியது. தாய் ஒரு படிப்பாறையிலிருந்து கீழே இறங்கி நின்று திரும்பிப் பார்த்தது. குட்டி விளிம்பு வரை வந்து, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, பின்வாங்கி, மறுபடி வந்தது. மூன்றாம் முறை தாவி இறங்கிய உடனே தாயின் வயிற்றுக்கடியில் தலையை நுழைத்துப் பால் குடிக்கத் தொடங்கிவிட்டது. தாவியதைவிட, விளிம்பில் தயங்கி நின்ற அந்த நொடியின் படத்தைத்தான் இன்றும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். மேலே பாறை, கீழே வெறும் வெண்மை, நடுவில் நான்கு சிறிய குளம்புகள்.

மற்ற விலங்குகளுக்கும் இதே முறை பொருந்தும், ஒரு வேறுபாட்டுடன். வரையாட்டுக் குட்டி தாயின் பின்னாலேயே திரியும். புள்ளிமான் கன்றோ பிறந்த சில நாள்களுக்குப் புல்லுக்குள் அசையாமல் படுத்துக்கிடக்கும், தாய் சற்றுத் தள்ளி மேயும். அது கைவிடப்பட்ட கன்று அல்ல. அதைத் தொடவோ நெருங்கிப் படமெடுக்கவோ கூடாது. முதுமலையில் யானைக் கன்றைக் கண்டால், வனத்துறை வாகனத்தில் இருந்தபடியே எடுங்கள். பெரிய யானை காதுகளை விரித்து நின்றால் ஓட்டுநரிடம் கிளம்பச் சொல்லிவிட வேண்டும்.

படத்தைத் திருத்தும்போது குட்டி சிறியதாகத் தெரிகிறதே என்று ஓரங்களை வெட்டாதீர்கள். எல்லோரும் அறிந்த காட்சிமுனை என்றால் இடத்தைச் சொல்வதில் தவறில்லை. புதிதாக ஈன்ற தாய் ஒதுங்கியிருந்த பாறை இடுக்கு, கன்று படுத்திருந்த புதர் போன்றவை என்றால், வெளியிடுவதற்கு முன் கோப்பிலுள்ள இடத்தகவலை நீக்கிவிட்டு, மலையின் பெயரை மட்டும் எழுதுங்கள்.